பலகை சொல்லவில்லை

மெக்னெஸ்
நவம்பர் 12

மதிப்பிற்குரிய பஸ்ஸூ அவர்களுக்கு,

ஸலாம். நீங்கள் என் எண்ணைத் தடுத்துவிட்டதாகவும், பிறகு தொலைபேசியையே விற்றுவிட்டதாகவும் வேன் ஓட்டும் லஹ்சன் சொன்னார். அதனால்தான் கடிதம். சந்தைக்கு வரும்போது கொண்டுவந்து உங்கள் கையில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். படிக்காமல் கிழித்துவிட வேண்டாம்.

உங்கள் மகள் இத்தோ டேப்லெட்டோடு பேசும் காணொளி வெளியே பரவியதற்கு நான் மிகவும் வருந்துகிறேன். என்ன நடந்தது என்பதை முறைப்படி சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குத் தொண்டு நிறுவனம் கொடுத்த டேப்லெட்டுகளில் பிள்ளைகள் பேசிப் பழக ஒரு பாடம் இருக்கிறது. அதில் ஒரு பெண்குரல் அரபியில் கேள்வி கேட்கும், பிள்ளை பதில் சொல்லும், அது பதிவாகி ஆசிரியைக்கு வரும். அன்று இடைவேளையில் இத்தோ மட்டும் வகுப்பில் இருந்தாள். அவள் பேசியது பதிவாகி, அந்தச் செயலி தானாகவே வெளியே அனுப்பிவிட்டது. இயந்திரக் கோளாறு. விசாரிக்க வந்த கல்வி அதிகாரியிடமும் இதையே சொன்னேன்.

மக்கள் ஏன் சிரித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இத்தோவின் அரபி உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பட்டணத்துக்காரர்கள்தான் வெட்கப்பட வேண்டும், அவள் அல்ல. அவள் புத்திசாலிப் பிள்ளை. கேலிக்குப் பயந்து பள்ளியை நிறுத்திவிடாதீர்கள். விசாரணை முடியும்வரை என்னை ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது இருக்கும் ஆசிரியரிடமாவது அவளை அனுப்புங்கள்.

காணொளியை நீக்கிவிட்டேன். நீக்கக்கூடிய இடத்திலெல்லாம்.

இப்படிக்கு,
கவ்தர் லம்ரீனி


ஐத் தஸ்ரா
நவம்பர் 23

ஆசிரியை கவ்தருக்கு,

அல்லாஹ்வின் பெயரால். ஸலாம்.

என் எழுத்து பள்ளிவாசலில் படித்த எழுத்து. மீதி அரபி காஸாபிளாங்காவில் சிமெண்டு சுமந்தபோது வசவாகக் காதில் விழுந்து கற்றது. பிழை இருக்கும். சிவப்பு மையில் திருத்தி அனுப்ப வேண்டாம்.

இயந்திரம் தானாக அனுப்பியது என்கிறீர்கள். இருக்கட்டும். "மலைநாட்டு டிவி நடத்தும் அம்மணி" என்று தலைப்பு வைத்ததும் இயந்திரம்தானா? ஓரத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகளை ஒட்டியதும் அதுதானா? கீழே, அவள் பேச்சை அரபி என்று எண்ணி இயந்திரம் எழுதிய வரிகள் ஓடியதே, "என் ஒட்டகம் ஒரு வக்கீல், நிலாவில் ரொட்டி, கதவே கோழியை மன்னித்துவிடு" என்று. அதைப் பார்த்துத்தான் மெக்னெஸ் சிரித்ததாக நினைக்கிறீர்கள். மெக்னெஸ் சிரித்திருக்கலாம். நாங்கள் அதைப் படிக்கவில்லை. நாங்கள் என் மகள் பேசியதைக் கேட்டோம்.

அவள் பேசியது அரபி இல்லை, டீச்சர். வணக்கம் சொன்ன முதல் வரி மட்டும்தான் அரபி. பிறகு எங்கள் மொழி, தமஸிக்த். நீங்கள் இங்கே இருந்தது ஒரு வருடத்துக்கும் மேல். உங்களுக்கு அது சேவலும் ஆடும் கத்துவது மாதிரி ஒரு சத்தம்தான் போல.

எங்கள் மொழி தெரிந்தவர்கள் இந்த மலையோடு முடிந்துவிடவில்லை. கெனிஃப்ராவில் இருக்கிறார்கள், காஸாபிளாங்காவில் இருக்கிறார்கள், பெல்ஜியத்தில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். அவன்தான் முதலில் கூப்பிட்டான். "பஸ்ஸூ, என்னடா இது" என்று கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

போன சந்தையில் பச்சைப் பட்டாணி விற்கிறவன் பத்துப் பேர் முன்னால் கேட்டான்: "என்ன பஸ்ஸூ, இன்னைக்காவது ரொட்டி வெந்துச்சா, இல்ல இன்னைக்கும் கரிதானா?" எல்லாரும் சிரித்தார்கள். கோவேறு கழுதையை அவிழ்த்துக்கொண்டு, வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினேன்.

என்ன ரொட்டி என்று புரியவில்லை அல்லவா? தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். அதில் என் மகள் சொன்னதாக வருவதெல்லாம் உண்மை இல்லை. இயந்திரம் திரித்த வேலை. ஊரிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இத்தோ பள்ளிக்கு வரமாட்டாள்.

பஸ்ஸூ


மெக்னெஸ்
டிசம்பர் 3

சகோதரர் பஸ்ஸூவுக்கு,

கேட்டேன்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டில் ஃபத்தூமா என்று ஒரு செவிலி இருக்கிறார். அவர் மிதெல்ட் பக்கத்துக்காரர். இரண்டு வருடமாக, நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாடிப்படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவருடைய வீட்டு மொழி எது என்று நான் கேட்டதே இல்லை. என்னிடம் இருந்த பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, "இன்னொரு தடவை போடு" என்றார். பிறகு நிறுத்தி நிறுத்தி அரபியில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் மறைத்துவைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதவும் முடியவில்லை.

"பலகைக்குள்ள இருக்கிற அக்கா, நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சுகமா? ஆடெல்லாம் சுகமா? உங்க பக்கம் மழை பெஞ்சுதா? நீங்க பட்டணத்துல இருக்கீங்கல்ல, எங்கம்மாவும் அஸ்ருல மாமா வீட்டுல இருக்காங்க. பாத்தா வரச் சொல்லுங்க. அப்பாதான் ரொட்டி சுடுறாரு, தினமும் கருகுது. கருகினதைத் தட்டிட்டுத் திங்கிறோம். அம்மா படியில விழல. அப்பா தள்ளிவிட்டாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். கை சரியாயிடுச்சான்னு கேளுங்க. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கடைசி வரியைச் சொல்லும்போது ஃபத்தூமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "இதைத்தான் நீ ஊருக்கெல்லாம் காட்டினியா?" என்று மட்டும் கேட்டார். இப்போது மாடிப்படியில் பார்த்தால் அவர் சிரிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டேப்லெட்டுகளைக் கொண்டுவந்து நிறுவிய பையன் என்னிடம் கேட்டான்: "மலைமொழியிலயும் பாடம் இருக்கு டீச்சர், ஏத்திடவா? அந்த அக்கா அதுலயும் பேசுவாங்க." நான் வேண்டாம் என்றேன். பிள்ளைகள் குழம்புவார்கள் என்றேன். உண்மையில், அதை ஏற்றினால் வகுப்பில் எல்லோருக்கும் புரியும், எனக்கு மட்டும் புரியாது. என் வகுப்பில் நான் ஊமையாக உட்கார விரும்பவில்லை. அதனால்தான் இத்தோவுக்குத் தன் மொழி தெரியாத ஒருத்தியிடம் தன் மொழியில் பேசவேண்டி வந்தது. அந்த ஒருத்தி நான் என்பது அவளுக்குத் தெரியாது.

நீங்கள் இயந்திரம் திரித்தது என்று ஊரில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் தலைப்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாகிவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

இத்தோவின் அம்மா தூதா அக்காவின் கை எப்படி இருக்கிறது?

கவ்தர்


ஐத் தஸ்ரா
ஜனவரி 19

ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பனியால் கணவாய் மூடிக்கிடந்தது, லஹ்சன் வேனை அசைக்கவில்லை. பனி இல்லாவிட்டாலும் இத்தனை நாள் நான் எழுதியிருக்க மாட்டேன்.

என் மனைவியின் கையைப் பற்றிக் கேட்க நீங்கள் யார் என்று முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். ஊரில் எல்லாரும் ரொட்டியைப் பற்றிக் கேட்டார்கள், கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாது. இதுதான் பதில். நான் போய்ப் பார்க்கவில்லை.

செவிலி சொன்னது எல்லாம் சரி. ஒரு சொல்கூடத் தப்பில்லை.

ஆட்டுக்குட்டி ஒன்றை அவளைக் கேட்காமல் விற்றுவிட்டேன் என்று சண்டை. அவள் வளர்த்த குட்டி. "உனக்கு வெக்கமா இல்லையா" என்று கேட்டாள். மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டு கேட்டாள். இதற்கு மேல் எழுதமாட்டேன். விழுந்துவிட்டாள் என்று அவள் அண்ணன் மிமூனிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள், ஏன் என்று தெரியவில்லை. பிறகு அண்ணனோடு அஸ்ருவுக்குப் போனாள். மருத்துவம் பார்க்க என்று ஊருக்குச் சொன்னோம்.

இப்போது நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். காணொளி வந்த வாரத்தில், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், மிமூன் இரண்டு உறவுக்காரர்களோடு பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்தான். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் கிளம்பவில்லை.

மிமூன் கத்தவில்லை. "மச்சான், பிள்ளை சொல்றது நிஜமா, பொய்யா? ஒரு சொல் போதும்" என்றான்.

நான் சொன்னேன்: "பொய். பாதி பிள்ளை கட்டின கதை, பாதி அந்த மிஷின் திரிச்சது. டீச்சர்கிட்டயே கேட்டுப் பாரு, கோளாறுன்னு அவங்களே சொல்றாங்க."

இத்தோ என் பின்னால்தான் நின்றாள், என் அங்கியைப் பிடித்துக்கொண்டு. மிமூன் குனிந்து அவளிடம் கேட்டான்: "நீ சொன்னியா கண்ணு? பயப்படாதே."

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. "நான் சொல்லல மாமா. பலகைதான் சொல்லிச்சு" என்றாள்.

என்னைக் காப்பாற்ற என் பிள்ளை தன் வாயாலேயே தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நிம்மதியாக இருந்தது, டீச்சர். அந்த நிமிடம் உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மிமூன் அவளை அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டான். நான் தடுக்கவில்லை. பள்ளியை நிறுத்தினேன் என்று உங்களுக்கு வீராப்பாக எழுதினேனே, அப்போது அவள் இந்த வீட்டிலேயே இல்லை.

இயந்திரம் அனுப்பியது என்கிறீர்கள் நீங்கள். இயந்திரம் திரித்தது என்றேன் நான். நம் இருவருக்கும் நல்ல மறைவிடம் கிடைத்தது. பேசத் தெரிந்தும் எதிர்த்துப் பேசாத ஒரு பெட்டி.

நீங்கள் மூன்று தாள் வீணாக்கியதாக எழுதினீர்கள். நாலாவது தாளில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு எழுதவேண்டாம். எழுதவேண்டிய இடம் நான் அல்ல.

பஸ்ஸூ


மெக்னெஸ்
பிப்ரவரி 9

சகோதரர் பஸ்ஸூவுக்கு,

அஸ்ருவுக்குப் போய்வந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் போனது தவறாக இருக்கலாம். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருப்பது அதைவிடத் தவறு.

மிமூன் வீட்டுக் கதவைத் திறந்தது தூதா அக்காதான். நான் யார் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. "ஓ, படம் எடுக்கிற டீச்சரா. உள்ள வாங்க, வாசல்ல நின்னா குளிரும்" என்றார். தேநீர் கொண்டுவந்தார். தட்டை இடதுகையால் தூக்கினார். வலதுகை முழங்கையில் முழுதாக நிமிரவில்லை. மருத்துவர் இன்னும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறாராம். நீங்கள் அறியவேண்டியது இது.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் சொன்னார்: "டீச்சர், இந்த வீட்டுல அழறதுக்கு இடம் கொஞ்சம்தான் இருக்கு. அது எனக்கே பத்தல. டீயைக் குடிங்க."

குடித்தேன்.

இத்தோ மூலையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வளர்ந்திருக்கிறாள். இங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். திரை இருக்கும் எதையாவது யாராவது கையில் எடுத்தால் அறையைவிட்டுப் போய்விடுகிறாளாம். நான் கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்தேன், அதற்கே எழுந்துவிட்டாள். தொலைபேசியை லஹ்சனின் வேனிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

பிறகு அவளாகவே கேட்டாள், அரபியில். "டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான் பலகை அக்காகிட்ட சொன்னேன். அவங்க ஏன் எல்லார்கிட்டயும் சொன்னாங்க?"

அதிகாரியிடம் சொன்ன பொய் தயாராக நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் அவள் நம்பியிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது.

ஃபத்தூமாவிடம் கெஞ்சி நாலைந்து வாக்கியம் உங்கள் மொழியில் படித்துக்கொண்டு போயிருந்தேன். உச்சரிப்பு எப்படி இருந்ததோ, தூதா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னது இதுதான்: "பலகை சொல்லல, இத்தோ. பலகை யார்கிட்டயும் சொல்லல. நான்தான் எடுத்தேன். நான்தான் தலைப்பு வெச்சேன். நீ என்ன சொன்னேன்னு எனக்குப் புரியல. புரியாததனால எல்லார்கிட்டயும் காட்டினேன்."

அவள் அரபியில் கேட்டாள்: "எதுக்கு?"

"சிரிக்கிறதுக்கு."

"என்னைப் பாத்தா?"

"ஆமா."

கையில் இருந்த அவரைக்காயை உரித்து முடித்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்து, "அப்பாவும் பலகைதான் பொய் சொல்லிச்சுன்னாரு" என்றாள்.

தூதா அக்கா சொன்னார்: "அப்ப இதுல பொய் சொல்லாதது அந்தப் பலகை ஒண்ணுதான்."

இத்தோ தன் மணைப்பலகையை நகர்த்தி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. அவள் மன்னித்தாள் என்று உங்களுக்கு எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இல்லை.

மறுநாள் கல்வி அதிகாரியிடம் போனேன். ஆசிரியைகளின் தொலைபேசிக் குழுவில் முதலில் போட்டது நான், அங்கே எல்லோரும் சிரித்ததும் ஆசை வந்து என் இணையப் பக்கத்தில் போட்டதும் நான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, கோளாறுன்னு எழுதி மூடியாச்சே. இப்ப எதுக்கு இதைக் கிளறுறீங்க?" என்று சலித்துக்கொண்டார். திரும்ப எழுதவைத்தேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது. மலையில் ஏதாவது ஒரு பள்ளி கிடைத்தால் போவேன் என்றும் கேட்டிருக்கிறேன். உங்கள் ஊர் என்று குறிப்பிட்டுக் கேட்கவில்லை. அதைக் கேட்கும் துணிவு இல்லை.

கவ்தர்


ஐத் தஸ்ரா
பிப்ரவரி 25

ஆசிரியை கவ்தருக்கு,

உங்கள் கடிதத்தை லஹ்சனின் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குப் போய்ப் படித்தால் பத்திரமாக மடித்து வைத்துவிடுவேன் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லாரும் முற்றத்துக்கு வந்தபோது, "கொஞ்சம் நில்லுங்க" என்றேன். நின்றார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"அன்னைக்கு மிமூன் கேட்டப்ப, என் மக பொய் சொல்றான்னு இங்க நின்னு சொன்னேன். பொய் சொன்னது நான். தூதா படியில விழல. நான் தள்ளிவிட்டேன். இத்தோ சொன்னது அத்தனையும் நிஜம்."

இவ்வளவுதான். பேசுவதற்கு முன்னால் இது மலை மாதிரி இருந்தது. பேசி முடித்தபோது கோழி கொத்தும் நேரம்கூட ஆகவில்லை.

பட்டாணிக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமாம் தொண்டையைச் செருமினார். ஊர்த் தலைவரான அம்கார் பெரியவருக்குத்தான் கோபம் வந்தது. "வீட்டுக்குள்ள நடக்கிறது வீட்டோட இருக்கணும் பஸ்ஸூ. எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதானே. மிஷின் கோளாறுன்னு முடிஞ்சுபோனதை எதுக்கு எடுத்து வெளிய போடுறே?" என்றார். சிலர் தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அன்று சொன்ன பொய்யை ஊரில் யாருமே நம்பியிருக்கவில்லை. என் மகளைத் தவிர எல்லாருக்கும் அது சௌகரியமாக இருந்திருக்கிறது.

லஹ்சனைத் தொலைபேசியை எடுக்கச் சொன்னேன். "எதுக்கு?" என்றான். "படம் பிடி" என்றேன். அவன் தயங்கினான். "அண்ணே, இது வெளிய போச்சுன்னா திரும்ப வராது, தெரியும்ல?" தெரியும் என்றேன். மசூதிச் சுவருக்கு முன்னால் நின்று, சொன்னதையே இன்னொரு முறை எங்கள் மொழியில் சொன்னேன். முதல் தடவை தடங்கலில்லாமல் வந்த சொற்களை இப்போது ஒவ்வொன்றாகத் தேடவேண்டியிருந்தது. அந்தச் சின்னக் கண்ணுக்கு முன்னால் நிற்பது அப்படித்தான் இருக்கும் போல. என் பிள்ளை எவ்வளவு தைரியமாகப் பேசியிருக்கிறாள்.

கடைசியில் இத்தோவுக்கு ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். வரவில்லை. அவள் பெயரை மட்டும் சொன்னேன். லஹ்சன் அழிக்கட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

மிமூனின் எண்ணுக்கு அனுப்பினோம். கூடவே எதுவும் எழுதவில்லை. திரும்பி வா என்றும் கேட்கவில்லை. தூதாவின் கையைப் பற்றிக் கேட்கும் முகம் எனக்கு வந்த பிறகு நானே போகவேண்டும்.

நீங்கள் இந்த ஊருக்கே வர மனுப் போட்டால் நான் எதிர்க்க மாட்டேன். வரவேற்கவும் மாட்டேன். புது ஆசிரியர் நல்லவர், ஆனால் அவருக்கும் எங்கள் பேச்சு தெரியாது. நீங்கள் வேண்டாம் என்ற அந்தப் பாடத்தை ஏற்றும்படி ஊரில் நாலு தகப்பன்மார் சேர்ந்து நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கிறோம். என் பிள்ளை அதில் படிக்கப்போவதில்லை.

லஹ்சன் மறுநாள் வந்து தொலைபேசியைக் காட்டினான். அனுப்பியதற்குக் கீழே இரண்டு கோடுகள், இரண்டும் நீலம். பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தமாம். ஒரு தடவை பார்த்தார்களா, பல தடவையா என்று கேட்டேன். அதைச் சொல்லாது அண்ணே என்றான். யார் பார்த்தார்கள் என்றும் சொல்லாதாம். அதற்குப் பிறகு அங்கேயிருந்து எதுவும் வரவில்லை. நானும் சந்தை நாளில் வேன் வரும்போது எழுந்து போய்க் கேட்கிறேன், அவன் இல்லை என்று தலையாட்டுகிறான், நான் திரும்பி வருகிறேன்.

பஸ்ஸூ